முதற்படி

நுழையும்முன்

யோகம் என்றவுடன் உடலை வளைத்து நிற்கும் ஓர் உருவமே நம் மனக்கண்ணில் தோன்றுகிறது. உடலைப் பேணுதல் யோகத்தின் ஒரு பகுதி. மூச்சைச் சீர்செய்தல், மனத்தை ஒருமுகப்படுத்துதல், பிற உயிர்களிடம் நாம் நடந்துகொள்ளும் முறையைத் திருத்திக்கொள்ளுதல் ஆகியனவும் அதன் பகுதிகளே. புதுச்சேரியின் மேட்டுப்பாளையத்தில் வாழும் ஆசிரியர் ஒருவர், தம் வாழ்வில் நேர்ந்த பிழையொன்றின் வழியாக யோகத்தைக் கற்றுக்கொண்ட வரலாற்றை இக்கட்டுரையில் எடுத்துரைக்கிறார்.

மேட்டுப்பாளையத்தில் பொழுது, சேவல் கூவி விடிவதில்லை. சரக்குந்துகளின் ஒலி கேட்டு விடிகிறது. புதுச்சேரி நகரின் கடற்கரையையும் நேர்த்தெருக்களையும் காண வருவோர் எங்கள் பகுதிக்கு வருவது அரிது. இங்கே சரக்குந்து முனையமும் தொழிற்பேட்டையும் உள்ளன. இரவு முழுவதும் மூட்டைகள் ஏறும், இறங்கும். தேநீர்க் கடைகளின் விளக்குகள் அணைவதே இல்லை. இந்த ஒலிகளுக்கு நடுவே, வீட்டு மாடியில் ஒரு பாயை விரித்து, நாள்தோறும் காலை ஐந்து மணிக்கு அமர்கிறேன். பத்து ஆண்டுகளாக இது என் வழக்கம். இவ்வழக்கம் எனக்கு எவ்வாறு வாய்த்தது என்பதை மாணவர்களாகிய உங்களிடம் சொல்வதற்குச் சிறிது தயங்குகிறேன். ஏனெனில், அது என் பிழையிலிருந்து தொடங்குகிறது.

சுடுசொல்

அப்பொழுது எனக்கு அகவை நாற்பத்தாறு. பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பாடங்களை விரைந்து முடிக்கவேண்டிய நெருக்கடி ஒருபுறம். திருத்தாத விடைத்தாள்களின் குவியல் மறுபுறம். ஒரு நண்பகல் வகுப்பில், கடைசி வரிசை மாணவன் ஒருவன் மேசைமீது தலைசாய்த்து உறங்கிக்கொண்டிருந்தான். முந்திய நாளும் அவன் உறங்கினான். அவனை எழுப்பி நிற்கவைத்தேன். என் நாவிலிருந்து வந்த சொற்கள் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றன.

"உனக்கு எதற்குப் படிப்பு? உன் தந்தையைப் போல நீயும் சரக்குந்தில் மூட்டை ஏற்றத்தான் போகிறாய்!"

வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. நூலை மூடிப் பையில் வைத்துக்கொண்டு அமர்ந்தான். மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே விடுப்புக் குறிகள் வளர்ந்துகொண்டே சென்றன. அவன் வீடு எங்கள் தெருவிலிருந்து நான்கு தெருக்கள் தள்ளியே இருந்தது. நான் சென்று பார்த்திருக்கலாம், செல்லவில்லை. 'ஆசிரியர் கண்டிப்பது இயல்புதானே' என்று எனக்கு நானே அமைதி சொல்லிக்கொண்டேன். அந்த அமைதி, இரவில் உறக்கம் வரும்வரைகூட நிலைக்கவில்லை.

மருத்துவரின் அறிவுரை

அடுத்த வாரமே வகுப்பில் எனக்குத் தலைசுற்றியது. பிடரியில் வலி, நெஞ்சில் படபடப்பு. மருத்துவர் அழுத்தமானியைப் பார்த்துவிட்டு, "160க்கு 100" என்றார். நலமுள்ள ஒருவர்க்கு இரத்த அழுத்தம் 120க்கு 80 என்ற அளவை ஒட்டி இருத்தல் வேண்டும். மாத்திரை எழுதித் தந்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார். நாள்தோறும் நடக்கச் சொன்னார். பின்னர், "முறையாகக் கற்றவர் ஒருவரிடம் யோகப் பயிற்சி பெறுங்கள், ஆனால், என்னைக் கேளாமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்" என்றும் சொன்னார்.

அவர் சொன்னவற்றுள் 'முறையாகக் கற்றவரிடம்' என்னும் பகுதியை நான் விட்டுவிட்டேன். எம்.ஏ. படித்தவன், நூல்களைப் பார்த்து நானே கற்றுக்கொள்வேன் என்று எண்ணினேன். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் மூச்சுப் பயிற்சிக்குத் திருமூலர் அளவு சொல்கிறார்: மூச்சை உள்ளிழுத்தலுக்குப் பதினாறு மாத்திரை, உள்ளே நிறுத்தலுக்கு அறுபத்து நான்கு மாத்திரை, வெளியிடுதலுக்கு முப்பத்திரண்டு மாத்திரை. பல்லாண்டு பயின்றோர்க்கு உரிய அவ்வளவை, ஒருநாள் காலையில் எழுந்து நான் முயன்றேன். அறுபத்து நான்கு எண்ணி முடிப்பதற்குள் கண் இருண்டது. சுவரைப் பற்றிக்கொண்டு கீழே அமர்ந்துவிட்டேன். உயர் இரத்த அழுத்தம் உடையவர்கள் மூச்சை நெடுநேரம் நிறுத்துவதும், தலைகீழாக நிற்கும் இருக்கைகளைச் செய்வதும் தீங்கு தரும் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

எட்டுப் படிகள்

எங்கள் பகுதியில் முதியவர் ஒருவர் இருந்தார். பஞ்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இளமையிலிருந்தே யோகம் பயின்றவர். தம் வீட்டுத் திண்ணையிலும் மாடியிலும் ஏழெட்டுப் பேருக்குக் கட்டணமின்றிக் கற்றுக்கொடுத்துவந்தார். நான் மயங்கிய கதையைச் சொன்னதும் அவர் சினம் கொள்ளவில்லை.

"ஐயா, யோகத்திற்கு எத்தனை படிகள்?" என்று கேட்டார்.

"எட்டு" என்றேன். பதஞ்சலி வகுத்தவற்றை மனப்பாடமாகச் சொன்னேன்: இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி.

"நீங்கள் எந்தப் படியில் கால் வைத்தீர்கள்?"

"நான்காவது படியில்."

"தமிழாசிரியருக்கு ஒன்று, இரண்டு, மூன்று தெரியாதா?" என்று கேட்டு மெல்லச் சிரித்தார்.

அந்த எட்டுப் படிகளையும் சற்றே விளக்கிக்கொள்வோம். இயமம் என்பது தீயன விலக்கல். இன்னா செய்யாமை, வாய்மை, கள்ளாமை, புலனடக்கம், வெஃகாமை ஆகிய ஐந்தையும் பதஞ்சலி இதில் அடக்குகிறார். நியமம் என்பது நல்லன மேற்கொள்ளல். தூய்மை, மனநிறைவு, தவம், கற்றல், இறைவனிடம் தன்னை ஒப்படைத்தல் என்னும் ஐந்தும் இதன்பாற்படும். ஆசனம் என்பது உடலின் இருக்கை. பிராணாயாமம் என்பது மூச்சின் ஒழுங்கு. பிரத்தியாகாரம் என்பது புறப்பொருள்களின்மேல் ஓடும் புலன்களை உள்முகமாகத் திருப்புதல். தாரணை என்பது மனத்தை ஒன்றன்மேல் நிறுத்துதல். தியானம் என்பது அந்நிறுத்தம் இடையறாமல் ஒழுகுதல். சமாதி என்பது நினைப்பவரும் நினைக்கப்படுவதும் வேறற்று ஒன்றும் நிலை.

பதஞ்சலியின் நூலில் ஏறத்தாழ இருநூறு நூற்பாக்கள் உள்ளன. அவற்றுள் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுவன மூன்றே! நிலையாகவும் இனிதாகவும் அமர்தலே ஆசனத்தின் இலக்கணம் என்று அவர் முடித்துக்கொள்கிறார். உடலை வளைத்தலே யோகம் என்று நாம் கொண்டிருக்கும் எண்ணம் எத்துணைக் குறையுடையது என்பதற்கு இதுவே போதிய சான்று.

பதஞ்சலி இயமத்தில் வைத்த அறங்கள் தமிழர்க்குப் புதியன அல்ல. திருக்குறளின் துறவறவியலில் கள்ளாமை, வாய்மை, வெகுளாமை, இன்னா செய்யாமை, கொல்லாமை ஆகிய ஐந்து அதிகாரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. வெஃகாமை இல்லறவியலில் இடம்பெற்றுள்ளது. இவற்றையெல்லாம் இருபது ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் நான்.

உடல் பெறும் நலம்

முதியவர் எனக்கு முதல் மாதம் மிக எளிய இருக்கைகளையே கற்பித்தார். நிமிர்ந்து நிற்கும் தாடாசனம், ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனம், குப்புறப் படுத்து மார்பை உயர்த்தும் புசங்காசனம், இறுதியில் அசைவின்றிப் படுத்திருக்கும் சவாசனம். இவ்வளவே.

ஒற்றைக்காலில் நிற்பது குழந்தை விளையாட்டு என்று எண்ணினேன். பத்து நொடிகூட நிற்க இயலவில்லை. நிற்பதற்கு நம் உடல் எத்தனை உறுப்புகளை ஒன்றுசேர்க்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். கண் சுற்றுப்புறத்தைக் காட்டுகிறது. உட்செவியில் உள்ள நீர்மம் தலையின் சாய்வைத் தெரிவிக்கிறது. தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்நரம்புகள் பாதத்தின் நிலையைச் சொல்கின்றன. இம்மூன்று செய்திகளையும் சிறுமூளை இணைத்துப் பார்த்துத் தசைகளுக்கு ஆணையிடுகிறது. பயிலப் பயில இவ்விணைப்பு கூர்மை பெறுகிறது. முதுமையில் தடுமாறி விழாமல் காப்பது இக்கூர்மையே.

நாள் முழுவதும் கரும்பலகையின் முன் நின்றும், இரவில் விடைத்தாளின்மேல் குனிந்தும் இறுகியிருந்த என் முதுகுத் தசைகள் புசங்காசனத்தால் மெல்ல நெகிழ்ந்தன. கூன் நிமிர்ந்ததும் மார்புக்கூடு விரிந்தது. மார்புக்கூடு விரிந்ததும் மூச்சு ஆழ்ந்தது. கைப்பேசியின்மேலும் நூலின்மேலும் கழுத்தைத் தாழ்த்தியே இருக்கும் உங்கள் தலைமுறைக்கு இவ்விருக்கை என்னைவிட மிகுதியாகத் தேவை.

யோகத்தால் உடல் பெறும் நலத்திற்குத் தமிழ்நாடு கண்கூடாகக் கண்ட சான்று நானம்மாள். பொள்ளாச்சியை அடுத்த சமீன் காளியாபுரத்தில் 1920ஆம் ஆண்டு பிறந்தவர். சிறுவயதிலேயே தந்தையிடம் யோகம் கற்றவர். தொண்ணூறு அகவையைக் கடந்த பின்னும் கோயம்புத்தூரில் மாணவர்க்குத் தாமே இருக்கைகளைச் செய்துகாட்டிக் கற்பித்தார். 2018ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2019ஆம் ஆண்டு அவர் மறையும்வரை யோகமும் அவரும் பிரியவில்லை.

மூச்சும் மனமும்

இரண்டாம் மாதத்தில் மூச்சுப் பயிற்சி தொடங்கியது. மூச்சை நிறுத்தல் இல்லை. நான்கு எண்ணும்வரை உள்ளிழுத்தல், ஆறு எண்ணும்வரை வெளியிடுதல். இதனால் என்ன நேரும் என்று ஐயத்தோடுதான் தொடங்கினேன்.

நம் உடலில் இதயத் துடிப்பு, செரிமானம் போன்றவற்றை நம் விருப்பத்திற்குக் காத்திராமல் தன்னியக்க நரம்பு மண்டலம் நடத்துகிறது. அதில் இரு பிரிவுகள் உள்ளன. அச்சமோ சினமோ வரும்போது பரிவு நரம்பு மண்டலம் விழித்தெழுகிறது, அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஓய்வின்போது எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம் பொறுப்பேற்று இவற்றைத் தணிக்கிறது. இதயத்தை 'மெல்லத் துடி' என்று நம்மால் ஏவ முடியாது. ஆயினும், தானாகவும் நடக்கக்கூடிய, நாம் விரும்பியும் நடத்தக்கூடிய செயலொன்று நம்மிடம் உண்டு; அதுவே மூச்சு. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைகிறது. வெளியிடும்போது சற்றுத் தணிகிறது. எனவே, வெளிமூச்சை நீட்டுந்தோறும் எதிர்ப்பரிவு நரம்புகளுக்கு நாம் வலிமை சேர்க்கிறோம். ஓய்வில் இருக்கும் ஒருவர் நிமிடத்திற்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சுவிடுகிறார். நான்கும் ஆறுமாக எண்ணும் இப்பயிற்சியில் அது ஆறு முறையாகக் குறைகிறது. சினந்தவன் மூச்சு விரைகிறது என்பதை எல்லோரும் அறிவோம். மூச்சை மெதுவாக்கினால் சினமும் தணியும் என்னும் மறுபக்கத்தை நம் முன்னோர் கண்டறிந்தனர்.

இவற்றை ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தோரும் எங்கள் ஊரிலேயே உள்ளனர். மேட்டுப்பாளையத்திலிருந்து சிறிது தொலைவில், கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவக் கல்வி நிறுவனத்தின் உடலியங்கியல் துறையினர், 27 மாணவர்களுக்குப் பன்னிரண்டு வாரம் யோகப் பயிற்சி அளித்து, அதன் முடிவை 1992ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஒளியைக் கண்டவுடன் செயற்படுவதற்கு அம்மாணவர்கள் எடுத்துக்கொண்ட நேரம், சராசரியாக 270 மில்லிநொடியிலிருந்து ஏறத்தாழ 225 மில்லிநொடியாகக் குறைந்தது. ஒலியைக் கேட்டுச் செயற்படும் நேரம் 194லிருந்து 157 மில்லிநொடியாகக் குறைந்தது. மூச்சுத் தசைகளின் வலிமையும் கைப்பிடியின் வலிமையும் கூடின. 27 பேர் என்பது சிறு தொகையே. ஓர் ஆய்வினால் எல்லாம் நிறுவப்பட்டுவிடுவதில்லை. ஆயினும், நம்பிக்கையாக மட்டும் சொல்லப்பட்டுவந்த ஒன்றை அளவுகோலின்முன் நிறுத்திப் பார்க்கும் துணிவு பாராட்டுக்குரியது. அந்நிறுவனத்தில் 2008ஆம் ஆண்டு யோக மருத்துவக் கல்விக்கும் ஆய்வுக்குமென ஓர் உயர் மையமும் நிறுவப்பட்டது.

புதுவையின் யோக மரபு

எங்கள் புதுவை மண்ணுக்கும் யோகத்திற்கும் உள்ள உறவு நெடியது. சித்தர் பலரின் அடக்கத் தலங்கள் இங்கு உள்ளன. கருவடிக்குப்பத்தில் சித்தானந்த சுவாமிகள் கோவில் அமைந்துள்ளது. அதனருகே இருந்த தோப்பே, பாரதியாரின் குயில்பாட்டோடு இணைத்துப் பேசப்படும் குயில்தோப்பு. 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதியார், பதஞ்சலியின் நூலில் முதற்பகுதியாகிய சமாதி பாதத்தைத் தமிழில் பெயர்த்துத் தந்துள்ளார்.

விடுதலைப் போராட்டத் தலைவராகிய அரவிந்தர், 1908ஆம் ஆண்டு ஆங்கில அரசால் கைது செய்யப்பட்டு, ஓராண்டுக் காலம் அலிப்பூர்ச் சிறையில் இருந்தார். அத்தனிமையைத் தியானத்திற்குரிய காலமாக ஆக்கிக்கொண்டார். விடுதலை பெற்ற பின், 1910ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் புதுச்சேரிக்கு வந்து, 1950ஆம் ஆண்டு மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். வாழ்வைத் துறந்து ஓடுவதை அவர் யோகமாகக் கொள்ளவில்லை. வாழ்வு முழுவதையுமே யோகமாக்க வேண்டும் என்பது அவர்தம் பூரண யோகத்தின் கருத்து. 1926ஆம் ஆண்டு உருவான அவருடைய ஆசிரமத்தில், அன்னையின் வழிகாட்டுதலால் உடற்கல்விக்கும் சிறப்பிடம் கிடைத்தது. ஆண்டுதோறும் திசம்பர் 2ஆம் நாள், ஆசிரமப் பள்ளி மாணவர்கள் உடற்பயிற்சித் திறன்களை நிகழ்த்திக்காட்டுவது வழக்கம்.

மருத்துவரும் யோக ஆசிரியருமான சுவாமி கீதானந்தர், 1968ஆம் ஆண்டு புதுச்சேரியில் ஆனந்தா ஆசிரமத்தை நிறுவினார். எட்டுப் படிகளையும் ஒருசேரப் பயிற்றுவிக்கும் அவர்தம் முறையைக் கற்க உலகின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் வந்தனர். புதுவை அரசின் சுற்றுலாத் துறை, சனவரி 4 முதல் 7 வரை பன்னாட்டு யோகத் திருவிழாவை நடத்திவருகிறது. இத்தகைய ஊரில் பிறந்து வளர்ந்தும் நாற்பத்தாறு அகவைவரை யோகத்தின் வாசலை நான் மிதிக்கவில்லை!

தெரிந்து தெளிவோம்

2014ஆம் ஆண்டு திசம்பர் 11ஆம் நாள், ஐக்கிய நாடுகள் பொது அவை சூன் 21ஆம் நாளைப் பன்னாட்டு யோக நாளாக அறிவித்தது. 177 நாடுகள் அத்தீர்மானத்தை இணைந்து முன்மொழிந்தன. முதல் யோக நாள் 2015ஆம் ஆண்டு கொண்டாடப்பட்டது. 2016ஆம் ஆண்டு யுனெஸ்கோ, மனிதகுலத்தின் தொட்டுணர இயலாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் யோகத்தைச் சேர்த்தது.

விட்டுப்போன படி

மூன்று மாதம் கடந்தது. உறக்கம் சீரடைந்தது, பிடரிவலி குறைந்தது, அழுத்தமும் இறங்கத் தொடங்கியது. மகிழ்ச்சியோடு முதியவரிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "மூச்சு வசப்படுகிறது, நல்லது. நாக்கு வசப்பட்டதா?" என்றார்.

நான் விழித்தேன்.

"இன்னா செய்யாமை என்பது கையால் அடியாமை மட்டும் அன்று, ஐயா. ஒவ்வோர் இரவும் அன்று நீங்கள் பேசியவற்றுள் யாரையேனும் சுட்ட சொல் உண்டா என்று ஒரு தாளில் எழுதுங்கள். என்னிடம் காட்ட வேண்டா."

அன்றிரவு எழுத அமர்ந்தேன். அன்றைய சொல் எதுவும் நினைவுக்கு வரவில்லை. மூன்று மாதத்திற்கு முந்திய சொல்லே வந்தது. எழுதினேன். அடித்தேன். மறுநாளும் அதுவே வந்தது. கண்ணை மூடித் தியானத்தில் அமர்ந்தால், நூலை மூடிப் பையில் வைக்கும் அவன் கைகளே தெரிந்தன. உடல் அசையாதிருந்தது, மூச்சு சீராக ஓடியது, மனம் மட்டும் அந்த வகுப்பறையைவிட்டு வர மறுத்தது. தியானத்திற்கு முன் இயமத்தை ஏன் வைத்தார்கள் என்பது எனக்கு அப்போது விளங்கியது. பிறருக்கு இழைத்த தீங்கை உள்ளே வைத்துக்கொண்டிருப்பவனுக்கு, எந்த இருக்கையும் நிலையான இருக்கை ஆவதில்லை.

மறுநாள் மாலை அவன் வீட்டைத் தேடிச் சென்றேன். அவன் தாய் மட்டுமே இருந்தார். அவன் தந்தை சரக்குந்திலிருந்து விழுந்து கால் முறிந்து நான்கு மாதமாகப் படுக்கையில் இருப்பதையும், குடும்பத்திற்காக மகன் இரவில் முனையத்தில் மூட்டை ஏற்றுவதையும் அவர் சொன்னார். அவன் என் வகுப்பில் உறங்கியதற்குக் காரணம் அதுதான். நான் இகழ்ந்து சொன்ன வேலையைச் செய்துதான் அவன் தன் தந்தைக்கு மருந்து வாங்கிக்கொண்டிருந்தான்.

முனையத்திற்குச் சென்றேன். தேநீர்க் கடை விளக்கின்கீழ், தோளில் துண்டோடு நின்றிருந்தான். என்னைக் கண்டதும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். அந்த மரியாதை என்னை இன்னும் குறுகச் செய்தது.

"தம்பி, அன்று நான் சொன்னது தவறு. என்னைப் பொறுத்துக்கொள்."

அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, நீங்கள் சொன்னதுகூட எனக்குப் பெரிதில்லை. எல்லாரும் சிரித்தார்கள்; அதைத்தான் தாங்க முடியவில்லை" என்றான்.

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. பலர் முன் சொன்ன சொல்லைத் தேநீர்க் கடையின் இருளில் திரும்பப் பெற இயலாது என்பது மட்டும் புரிந்தது. தலைமையாசிரியரிடம் பேசினேன். மாணவர்களும் ஆசிரியர்களும் இணைந்து இயன்றதைத் திரட்டி, அவன் தந்தையின் மருத்துவத்திற்கு அளித்தோம். இரண்டு வாரம் கழித்து அவன் வகுப்புக்கு வந்தான். அன்று பாடம் தொடங்குமுன், அதே இடத்தில் நின்று, அதே மாணவர்களின் முன்னிலையில், என் பிழையைச் சொல்லி அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்பதற்கு முன் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட்டேன். அப்பயிற்சி எனக்கு மிகத் தேவைப்பட்ட நேரம் அதுவே.

யாரும் சிரிக்கவில்லை. அவன் எழுந்து நின்று, "சரிங்க ஐயா" என்றான். பிறகு நூலை எடுத்துப் பிரித்தான்.

அந்த ஆண்டு அவன் பெரிய மதிப்பெண் பெற்றுவிடவில்லை. ஆயினும் தேர்ச்சி பெற்றான். தொழிற்பயிற்சி நிலையத்தில் வண்டிப் பொறித்தொழில் கற்று, இன்று முனையத்தின் அருகே பழுதுநீக்கும் பட்டறை வைத்திருக்கிறான். வழியில் என்னைக் கண்டால் வணக்கம் சொல்கிறான். பழைய வடு முழுவதும் ஆறிவிட்டதா என்பதை நான் கேட்டதில்லை. கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகவும் எண்ணவில்லை.

உள்ளொளி

யோகத்தால் ஆன்ம நலம் விளையும் என்று நூல்கள் பேசும். அச்சொல்லைக் கேட்டதும் ஒளிவட்டமும் அதிசயக் காட்சிகளும் சிலருக்கு நினைவில் எழலாம். நான் அவை எவற்றையும் கண்டதில்லை. எனக்கு வாய்த்தது மிகச் சிறிய மாற்றமே. சினம் எழுவதற்கும் சொல் வெளிப்படுவதற்கும் இடையே முன்பு எனக்கு இடைவெளியே இருந்ததில்லை. இப்போது ஒரு மூச்சளவு இடைவெளி கிடைக்கிறது. அந்த இடைவெளியில் நின்று, எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்க முடிகிறது. 'இவர் ஏன் உறங்குகிறார்? இவர் ஏன் அழுகிறார்?' என்று கேட்டுக்கொள்ள முடிகிறது. தன்னைப் போலப் பிற உயிரையும் எண்ணுவதே ஆன்மிகத்தின் சாரமாயின், அதன் தொடக்கம் அந்த ஒரு மூச்சில் இருக்கிறது. எந்தச் சமயத்தைச் சார்ந்தவராயினும், எச்சமயத்தையும் சாராதவராயினும் இது அவருக்கு எட்டக்கூடியதே.

மருத்துவர் என் மாத்திரையின் அளவைக் குறைத்தார், முற்றும் நிறுத்தவில்லை. யோகம் எல்லா நோயையும் தீர்க்கும் என்று சொல்வோரை நம்பி மருந்தை விட்டுவிடாதீர்கள். மருந்து செய்வதை மருந்து செய்யட்டும். யோகம் செய்வதை யோகம் செய்யட்டும்.

மாணவச் செல்வங்களே, தேர்வு நெருங்கும்போது உங்கள் நெஞ்சும் படபடக்கும். வினாத்தாளைக் கையில் வாங்கியதும் கற்றவை மறந்தாற்போலத் தோன்றும். அப்பொழுது முதுகை நிமிர்த்தி அமருங்கள். கண்ணை மூடி, நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். பத்து முறை போதும். இருக்கைகளைக் கற்க விரும்பினால், வெறும் வயிற்றில், நன்கு கற்ற ஆசிரியர் ஒருவரின் முன்னிலையில் கற்றுக்கொள்ளுங்கள். அருகில் இருப்பவன் எவ்வளவு வளைகிறான் என்று பார்க்க வேண்டா. யோகத்தில் போட்டி இல்லை. அன்றிரவு உறங்குமுன், அந்நாளில் யாரையேனும் உங்கள் சொல் சுட்டதா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுத ஒன்றும் இல்லாத நாள் நல்ல நாள். எழுத ஒன்று இருக்குமாயின், மறுநாளே சென்று பேசிவிடுங்கள். என்னைப் போல மூன்று மாதம் காத்திருக்க வேண்டா.

முதியவர் இப்போது இல்லை. அவர் கற்பித்த மாடியில் இன்று வேறொருவர் கற்பிக்கிறார். நாளைக் காலையும் ஐந்து மணிக்குச் சரக்குந்துகள் ஒலியெழுப்பும். நானும் பாயை விரிப்பேன். அந்த மூட்டைகளின் ஓசையைக் கேட்டுக்கொண்டே நிமிர்ந்து அமர்ந்து, முதற்படியிலிருந்து மீண்டும் தொடங்குவேன்.

கற்பவை கற்றபின்...

1. யோகத்தின் எட்டுப் படிகளுள் இயமத்தில் அடங்கும் அறங்களையும், திருக்குறளில் அவற்றோடு தொடர்புடைய அதிகாரங்களையும் ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாடுக.

2. அமைதியாக அமர்ந்திருக்கும்போதும், விளையாடி முடித்த பின்பும் ஒரு நிமிடத்தில் நீங்கள் விடும் மூச்சின் எண்ணிக்கையைக் குறித்து ஒப்பிடுக.

3. 'பலர் முன் சொன்ன சொல்லைத் தேநீர்க் கடையின் இருளில் திரும்பப் பெற இயலாது' – இக்கூற்றை ஏற்கிறீர்களா? உங்கள் கருத்தை ஒரு பக்க அளவில் எழுதுக.

4. உங்கள் பகுதியில் யோகம் பயிற்றுவிக்கும் ஒருவரையோ, பல்லாண்டு பயின்றுவரும் ஒருவரையோ சந்தித்து நேர்காணல் செய்து, அதனைக் கட்டுரையாக்குக.